காலையில் மட்டும் பிடிக்காத பிக்கப்: பம்பை இறக்கும் முன்

கேள்வி: குலசேகரம் பக்கம் மலையோர ஊர் எங்களுடையது. ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்ற 2006 மாடல் டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகை. ஒரு மாதமாகவே காலையில் பிடிக்க நேரம் எடுக்கிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் மார்த்தாண்டம் போய்த் திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. போன வாரம் மழையில் இரண்டு நாள் நிறுத்திப்போட்ட பிறகு சுத்தமாகப் பிடிக்கவே இல்லை. சைலன்சரில் புகையும் வரவில்லை. டீசல் ஃபில்டர் போன மாதம்தான் மாற்றினேன். முற்றம் ஏற்றமாக இருப்பதால் முகப்பு மேலே பார்க்கத்தான் நிறுத்துவேன். பம்பை இறக்கி சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் வேலை செலவு பிடித்தது. அங்கே போவதற்கு முன் பார்க்க வேண்டியவை உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன. ஃபில்டர் மாற்றியதும் ஒரு மாதம் முன்பு, தொல்லை தொடங்கியதும் ஒரு மாதம் முன்பு. பிடித்த பிறகு நன்றாக ஓடுகிறது. முகப்பு மேலே பார்க்க நிற்கும்போது டேங்கைவிட எஞ்சின் உயரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், டீசல் வழியில் எங்கோ காற்று புகுந்து, வண்டி நிற்கும் நேரத்தில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. சுழலும் ஒரே தலையால் எல்லா சிலிண்டருக்கும் டீசல் பகிரும் ரோட்டரி வகை பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும்: காலையில் பிடிக்கும், ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் பிடிக்க அடம்பிடிக்கும்.

டீசல் வண்டி பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது சைலன்சர் வாயைத்தான். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம்), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), டீசலில் தண்ணீர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை; வாழைக்குலையும் தேங்காயும் கிடக்கும் கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவே இல்லை. உங்கள் வண்டி இந்த ரகம்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது என்று நீங்களே சொல்வதால் பேட்டரியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உப்புக்காற்று முதலில் தின்பது எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைத்தான். புது பேட்டரி போட்டும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் அதைக் கழற்றி, இரு முனையையும் சுரண்டி மாட்டுங்கள்.

உங்கள் வண்டியில் ஒன்றை மட்டும் இரண்டு நிமிடத்தில் பார்த்து ஒதுக்கிவிடலாம். ரோட்டரி பம்பாக இருந்தால் அதன்மேல் ஒற்றை வயர் போகும் சிறிய உருளை ஒன்று இருக்கும். அதுதான் டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டு. சாவியை ஆன் செய்யும்போது அதிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். மழையில் நின்ற வண்டி. ஃபியூஸ் போயிருக்கலாம், கனெக்டர் பச்சை பூத்திருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டியாக இருந்தால், துருப்பிடித்த கேபிள் பம்ப் லீவரை நிறுத்தும் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அது சரியாக இருந்தால் அப்புறம் ஃபில்டருக்கு வாருங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் சிறு பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. காற்று உள்ளே போகும். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். அதனால்தான் ‘ஒரு சொட்டு லீக் கூட இல்லை’ என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். பல வண்டிகளில் ஃபில்டரும் இந்த உறிஞ்சும் பாதையிலேயே இருக்கும். ஃபீட் பம்புக்கு அப்பால் இருந்தாலும், வண்டி நிற்கும்போது அந்தப் பக்கம் காற்று புகுந்தால் டீசல் பின்வாங்கிவிடும்.

ஃபில்டர் தலையின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, ஃபில்டர் தலையிலோ ஃபீட் பம்பிலோ இருக்கும் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழும், கடைசியில் தெளிந்த டீசல் வழியும். தெளிந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிடித்துவிட்டால் காற்றுதான் காரணம் என்பது உறுதி. எவ்வளவு அடித்தாலும் குமிழ் நிற்கவில்லை என்றால் ஓட்டை டேங்க் பக்கம். கைப்பம்பு கெட்டிப்படாமல் தொளதொளவென்றே அடித்தால் அதன் வால்வோ ரப்பரோ போயிருக்கலாம்.

எனக்கு முதல் சந்தேகம் வாஷர்மேல்தான். ஃபில்டர் தலையில் குழாயைப் பிடிக்கும் போல்டின் இருபுறமும் செம்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அமராது, ஆனாலும் அவசரத்தில் பழையதையே மாட்டிவிடுவார்கள். ஃபில்டரின் ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. இரண்டும் சில்லறைக் காசு சாமான்கள். அதோடு, டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதியது போட்டு, கிளிப்பையும் மாற்றுங்கள்.

இதிலும் பிடிபடவில்லையா? சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் ஆடாமல் வையுங்கள். கேனிலிருந்து ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை ஃபீட் பம்பின் உள்வாயில் மாட்டி, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். முன்பு சொன்னபடி கைப்பம்பு அடித்து ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்து, சீராக ஓடினால் பம்ப் குற்றவாளி இல்லை. கோளாறு டேங்குக்கும் நீங்கள் ஹோஸ் மாட்டிய இடத்துக்கும் நடுவில்தான். பம்புக்குப் போகும் டீசலில் குமிழ் ஓடுகிறதா என்பதும் ஹோஸ் வழியாகக் கண்ணுக்கே தெரியும்.

நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. பழைய டேங்க் மூடியின் ரப்பர் இறுகிப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஃபில்டரின் அடியிலுள்ள வடி திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால் டேங்கை இறக்கிக் கழுவியாக வேண்டும், அந்தக் கசடு உறிஞ்சுகுழாயின் வலையையும் அடைத்திருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேறு விஷயம். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

குளிரில் பிடிக்க சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பலவற்றில் அது கிடையாது; அந்த வகையில் இருந்தாலும் நம்மூர்க் குளிருக்கு அது இல்லாமலேயே பிடிக்க வேண்டும். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் குழாயில் வைத்துப் பிடிக்க வைக்கும் வித்தையும் வேண்டாம். பிஸ்டன் ரிங் உடைய அது ஒன்றே போதும், தீப்பிடிக்கவும் செய்யும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

கேனிலிருந்து குமிழில்லாத டீசல் பம்புக்குப் போகிறது, சொலினாய்டும் திறக்கிறது, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயில் டீசலை அழுத்தித் தேக்கும் புது வகை) வண்டி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலே போகும்.

அங்கும் டீசல் வரவில்லை என்றால்தான் மெக்கானிக் சொல்வது சரி. பம்பை இறக்கும் முன், பம்ப் விளிம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் தேடி அலைய வேண்டியிருக்காது. அதுவரை, இன்றைக்குப் பிடித்துவிட்டால் இரவில் முகப்பு கீழே பார்க்க நிறுத்திப் பாருங்கள். நாளைக் காலை ஒரே அடியில் பிடித்தால் நேராக வாஷர் வாங்கப் போகலாம்.