தடுப்பணையை இடிக்கலாமா, விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் ஓடையில் பழைய ஆலைக்காகக் கட்டிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. மீன்கள் மேலேற வழிவிட்டு அதை இடிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இடித்தால் உள்ளூர் கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், கொடுக்குள்ள இறால் போன்ற உயிரி) அழிந்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: அணைக்கு மேலே எந்த கிரேஃபிஷ் இருக்கிறது, கீழே எது இருக்கிறது என்று பார்க்காமல் இதை முடிவு செய்யக் கூடாது. பிரிட்டனுக்குச் சொந்தமானது வெள்ளைக் கொடுக்கு கிரேஃபிஷ் ஒன்றுதான். 1970களில் பண்ணையில் வளர்ப்பதற்காக வட அமெரிக்காவின் சிக்னல் கிரேஃபிஷைக் கொண்டுவந்தார்கள். அது தப்பி ஆறுகளில் பரவிவிட்டது. உடல் பெரிது, முட்டைகள் அதிகம், சண்டையிலும் அதன் கையே ஓங்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது அது சுமந்து வரும் கிரேஃபிஷ் பிளேக். அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சையால் வரும் இந்த நோயைச் சிக்னல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உள்ளூர் இனமோ ஒரு ஓடை முழுக்கச் சில வாரங்களில் செத்துவிடும்.

மேலே உள்ளூர் இனம், கீழே சிக்னல் என்றால் அணையில் கை வைக்காதீர்கள். இரண்டுமே இல்லாத ஓடை என்றால் இடிப்பதே நல்லது. மேலேயே சிக்னல் இருந்தால், கீழே உள்ளவற்றை அந்த அணை காப்பாற்றாது. குஞ்சுகளும் நோயின் வித்துகளும் தண்ணீரோடு இறங்கிவிடும்.

கணக்கெடுக்க ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். தாயின் வயிற்றடியில் குஞ்சுகள் ஒட்டியிருக்கும் பருவம் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். பகலில் கல் புரட்டிப் பார்ப்பது, இரவில் டார்ச் அடித்துத் தேடுவது, தண்ணீர் மாதிரியில் மரபணுத் தடயம் பார்ப்பது, மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கூண்டை மட்டும் நம்பினால் பெரிய ஆண்கள்தான் சிக்கும், குஞ்சுகள் கணக்கிலேயே வராது. வெள்ளைக் கொடுக்கைத் தேடிப் பிடிக்க உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் உள்ளவரை அழைத்து வாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் அணைகள் உள்ளூர் இனத்துக்கு நல்லதுதானா?

பதில்: இல்லை. எதிரி இல்லாத ஓடையில் அணை வெறும் சேதம்தான். மேல்பக்கம் தண்ணீர் தேங்கி வண்டல் படியும். கல்லிடுக்கில் ஒளிந்து வாழும் இனத்துக்கு அந்த இடுக்குகள் அடைபட்டால் வீடே போன மாதிரி. தேக்கத்தில் பெருகும் இரைதின்னி மீன்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கீழ்ப்பக்கம் நீரின் வேகமும் வெப்பமும் பருவத்துக்கு ஒவ்வாமல் மாறும். இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள்.

தெரியாத கேடு ஒன்று உண்டு. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு கீழே போனவை திரும்பி ஏற முடியாது. அதனால் மேலே மாட்டிய கூட்டத்துக்குப் புது ரத்தம் வராது. ஒரு வறட்சியோ, ஒரு கழிவுநீர்க் கசிவோ அந்தத் துண்டைத் துடைத்துவிட்டால் மீண்டும் குடியேற ஆள் இருக்காது. சாலைக்கு அடியில் போடும் குழாய்ப் பாலங்களும் இதையே செய்யும், குறிப்பாகக் குழாயின் வாய் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கினால். கிரேஃபிஷ் இனங்கள் மிக அதிகம் செறிந்திருக்கும் அமெரிக்காவின் தென்கிழக்கில், சிறு அணைகளும் குழாய்ப் பாலங்களும் ஓடைகளைத் துண்டுதுண்டாக்கி வைத்திருப்பது இதனால்தான் கவலை தருகிறது.

கேள்வி: எவ்வளவு உயரம் இருந்தால் சிக்னல் ஏறாது?

பதில்: உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். சொரசொரப்பான கான்கிரீட், பாசி, வேர், வெடிப்பு, இதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், கிரேஃபிஷ் ஏறிவிடும். வழுவழுப்பான தளத்தில் நொடிக்குச் சுமார் 0.65 மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால் சிக்னலால் நடந்து முன்னேற முடியவில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த வேகத்தை மீன்கள் நீந்திக் கடந்துவிடும் என்பதால் மீனை ஏறவிட்டு, சிக்னலை மட்டும் தடுக்கும் அமைப்பைக் கட்ட முடியும். ஆனால் கோடையில் நீர் குறைந்து வேகம் விழுந்தால் காவலும் விழுந்துவிடும்.

பழைய அணையைப் பலப்படுத்த விளிம்பில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி பதியுங்கள். பக்கச் சுவரைக் கரைக்குள் நன்றாக நீட்டுங்கள். ஈரமான இரவுகளில் இவை தரையில் நடந்தே சுற்றிப் போகும். வெள்ளத்தில் அணைக்குக் கீழே நீர்மட்டம் உயர்ந்து அணையே மூழ்குகிறதா என்று கவனியுங்கள், அந்த நேரத்தில் தடுப்பு இல்லாத மாதிரிதான். பாசியையும் சிக்கிய கட்டைகளையும் தவறாமல் அகற்றுங்கள். விலாங்கு ஏற வைக்கும் தூரிகைப் பாதையும் கல் பதித்த மீன்வழியும் கிரேஃபிஷுக்கு ஏணியாகிவிடும். அவற்றை அமைக்கும் முன் இதை யோசிக்காமல் விட்ட இடங்களில் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: கூண்டு வைத்தே சிக்னலை ஒழிக்க முடியாதா?

பதில்: முடியாது. பெரியவை குறைந்தால் அவை தின்றுவந்த குஞ்சுகள்தான் அதிகம் பிழைக்கும். கூண்டை ஓடைக்கு ஓடை மாற்றுவதால் நோயும் சேர்ந்து போகும். பூட்ஸ், வலை, கூண்டு எதுவானாலும் சேறு போகக் கழுவி, 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, முழுதாகக் காயவிட்டுத்தான் அடுத்த நீரில் இறக்க வேண்டும். அணையில் கீழிருந்து மேலே போகும்போது இதை ஒருவர் மறந்தாலும் நோய் மேல்பக்கம் ஏறிவிடும்.

கேள்வி: கோவையில் தொட்டியில் சிவப்பு கிரேஃபிஷ் வளர்க்கிறோம். பெரிதாகிவிட்டது. பக்கத்துக் குளத்தில் விடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள். இந்தியாவுக்கென்று சொந்த கிரேஃபிஷ் இனமே கிடையாது. சிவப்பு கிரேஃபிஷ் கரையைக் குடைந்து வளை தோண்டும், நீர் வற்றினால் அந்த வளைக்குள் காத்திருக்கும், தரையில் நடந்து அடுத்த குட்டைக்குப் போகும். நம் தடுப்பணைகள் அதைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். வளர்க்க மனமில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தொட்டி நீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், நீர்நிலைக்குத் தள்ளி வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். தொட்டியின் மணலையும் செடிகளையும் அங்கேயே பரப்பி மொறுமொறுவென்று காயவிடுங்கள்.