மொரிஸ் மைனர் கிளச் ஒட்டிக்கொண்டால்

வணக்கம். எட்டு வருடம் ஓடாமல் நின்ற மொரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் கிளச்சை முழுதாக மிதித்தாலும் கியர் விழாமல் கரகரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதில் கிளச்சுக்கு ஆயில் சிலிண்டர் கிடையாது, வெறும் இரும்புத் தண்டு (ராட்) இணைப்புதான். அந்த இணைப்பு சரியாக இருந்தால், கிளச் தட்டு துருவேறி, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்.

முதலில் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, ஆளில்லாத வெளியிடத்தில் இரண்டாம் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும். கிளச்சை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுங்கள். பெரும்பாலும் ‘டக்’கென்று விடுபடும். பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கிச் செய்யும் வித்தையைச் சிலர் சொல்வார்கள், ஆபத்து, வேண்டாம்.

விடுபட்டபின் கிளச்சில் காலை வைத்தே ஓட்டாதீர்கள். மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கார்பனால் ஆனது, சீக்கிரம் தேய்ந்துவிடும்.