லைசென்ஸ் முடங்கியது தெரியாமல் ஓட்டினேன், கோர்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: ஃப்ளோரிடா மாநிலம் டாம்பாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட் வந்தது. வீடு மாறிய அவசரத்தில் கட்ட மறந்துவிட்டேன். போன வாரம் பிரேக் லைட் எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர், லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருப்பதாகச் சொல்லி இன்னொரு டிக்கெட் கொடுத்தார். அதில் கோர்ட் தேதி போட்டிருக்கிறது. ஆன்லைனில் பணம் கட்டி முடித்துவிட முடியாதா? ஜெயில் உண்டா? விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: முதலில் அந்த டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று சிறு கட்டங்கள் இருக்கும். கோர்ட்டுக்கு வரத் தேவையில்லாத விதிமீறல், வந்தே ஆக வேண்டிய விதிமீறல், குற்ற வழக்கு. உங்களுடையதில் குற்ற வழக்கு என்ற கட்டத்தில் குறி இருக்கும். அதனால்தான் தேதி போட்டிருக்கிறார்கள். இதைப் பணம் கட்டி முடிக்க முடியாது. அந்தத் தேதிக்குப் போகாவிட்டால் கைது வாரண்ட் பிறக்கும்.

சரி, லைசென்ஸ் எப்படி முடங்கியது? ஃப்ளோரிடாவில் சாதாரண டிக்கெட்டுக்கு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்: பணம் கட்டலாம், டிரைவிங் வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லை என்று வாதாடலாம். எதுவும் செய்யாவிட்டால் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் கிளார்க் அலுவலகம் மாநில மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிக்கும், லைசென்ஸ் முடங்கும். நோட்டீஸ், துறையிடம் பதிவான முகவரிக்குத் தபாலில் போகும். உங்கள் விஷயத்தில் அது பழைய வீட்டுக்குப் போயிருக்கும்.

இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. லைசென்ஸ் முடங்கியது தெரிந்தே ஓட்டினால் அது குற்றம். முதல் முறைக்கு அதிகபட்சம் 60 நாள் சிறை, 500 டாலர் அபராதம். தெரியாமல் ஓட்டினால் அது வெறும் விதிமீறல், சிறை என்ற பேச்சே கிடையாது. இரண்டுக்கும் நடுவே நிற்பது 'தெரியும்' என்ற ஒரே சொல். அதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. வேறு பல காரணங்களுக்காக முடங்கிய லைசென்ஸ் என்றால், துறையின் பதிவேட்டில் உத்தரவு இருந்தாலே ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கும் என்று சட்டம் அனுமானிக்கும். டிக்கெட் பணம் கட்டாததால் முடங்கியதற்கு அந்த அனுமானம் செல்லாது. இதை அறியாமல் எத்தனையோ பேர் முதல் நாளே குற்றத்தை ஏற்றுக்கொண்டு போகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

போலீஸ்காரரிடம் என்ன பேசினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். "ஆமாம் சார், லெட்டர் வந்த மாதிரி இருந்தது" என்று மரியாதைக்குச் சொன்ன ஒரு வாக்கியம்கூடச் சட்டையில் மாட்டிய கேமராவில் பதிவாகியிருந்தால் ஒப்புதல் ஆகிவிடும். இனி இதைப் பற்றி வக்கீலைத் தவிர யாரிடமும் பேச வேண்டாம்.

அப்புறம், இந்த வாரமே செய்ய வேண்டியது: பழைய டிக்கெட் எந்த கவுன்டியில் விழுந்ததோ அந்தக் கிளார்க் அலுவலகத்தில் பாக்கியைக் கட்டுங்கள். வசூல் ஏஜென்சிக்குப் போயிருந்தால் 40 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்பார்கள். மொத்தமாக முடியவில்லையென்றால் தவணைத் திட்டத்தில் சேர்ந்தாலும் போதும், முடக்கம் நீங்க வழி கிடைக்கும். பிறகு மோட்டார் வாகனத் துறையில் மீட்புக் கட்டணம் கட்டி, லைசென்ஸ் செல்லுபடியாகிறது என்று காட்டும் ஓட்டுநர் பதிவை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது முகவரியையும் அப்போதே பதிந்துவிடுங்கள். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். கோர்ட்டுக்கே கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது 'தெரியாது' என்று சொல்ல வழியில்லை. இரண்டாவது முறை தண்டனையானால் ஓர் ஆண்டு வரை சிறை.

கோர்ட்டில் முதல் நாள் இப்படி இருக்கும். பெஞ்சுகள் நிறைந்திருக்கும், பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான். அரசு வழக்கறிஞர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இன்றே முடித்துக்கொண்டால் கோர்ட் செலவு மட்டும், வித்ஹோல்ட்" என்று சொல்லக்கூடும். வித்ஹோல்ட் என்றால் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமல் நிறுத்திவைப்பது. கேட்க இனிப்பாக இருக்கும், அரை நாள் லீவும் மிச்சம். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல முடிவாகவே இருக்கலாம்.

உங்களுக்கு அப்படியில்லை. மத்திய குடிவரவுச் சட்டத்தில் 'குற்றத்தீர்ப்பு' என்பதற்குத் தனி விளக்கம் உண்டு. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, 'நோ கான்டெஸ்ட்' என்று எதிர்க்காமலோ இருந்து, நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையும் (கோர்ட் செலவுகூட) விதித்தால், ஃப்ளோரிடா அதை வித்ஹோல்ட் என்று அழைத்தாலும் குடிவரவுத் துறைக்கு அது குற்றத்தீர்ப்புதான். இந்த வகை வழக்கு ஒன்றால் நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் வருங்கால விண்ணப்பங்களில் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்வதுதான் பெரிய ஆபத்து. குற்ற வழக்கு வக்கீல் குடிவரவு விளைவுகளை எடுத்துச் சொல்ல வேண்டியது அவருடைய கடமை என்று 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதனால் முதல் நாள் 'நாட் கில்ட்டி' என்று சொல்லுங்கள். வக்கீல் வைத்தால் அவரே எழுத்தில் தாக்கல் செய்துவிடுவார், நீங்கள் முதல் நாள் வர வேண்டியதில்லை. அது பொய் சொல்வதாகாது, 'நிரூபியுங்கள்' என்று கேட்பதுதான். அடுத்த தேதிக்குள் செல்லுபடியாகும் லைசென்ஸ், கட்டிய ரசீது, வீடு மாறியதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் மூன்றும் கையில் இருக்கட்டும். இவற்றைப் பார்த்தால் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிடவோ, தெரியாமல் ஓட்டிய விதிமீறலாகக் குறைக்கவோ நல்ல வாய்ப்பு இருக்கிறது. இத்தகைய வழக்குகள் ஜூரி வரை போவது அபூர்வம். போனால் ஆறு பேர் கொண்ட ஜூரி.

இன்னொரு வழியும் சட்டத்தில் உண்டு: லைசென்ஸைச் சரிசெய்த சான்றோடு கிளார்க்கிடமே 'நோ கான்டெஸ்ட்' சொல்லி வித்ஹோல்ட் வாங்குவது. 12 மாதத்துக்கு ஒரு முறை, வாழ்நாளில் மூன்று முறைதான். விசாவில் இருப்பவர் குடிவரவு வக்கீலிடம் காட்டாமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்கு மேலே சொன்ன இந்தச் சுலப வழிகள் பொருந்தாது. அதற்கு வித்ஹோல்ட் கிடையாது. லைசென்ஸ் முடக்கத்தை எதிர்க்க, கைதான நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.

வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் முதல் நாளே பப்ளிக் டிஃபெண்டருக்கு (அரசு செலவில் உங்களுக்காக வாதாடும் வக்கீல்) விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 டாலர். ஆனால் சிறைத் தண்டனை கொடுக்க மாட்டேன் என்று நீதிபதி எழுதிக்கொடுத்துவிட்டால், உங்களுக்கு அந்த வக்கீலை நியமிக்காமல் விடலாம். சிறைப் பயம் அதோடு போகும், விசாக் கேள்வி அப்படியே இருக்கும். அப்போதும் ஒரு மணி நேர ஆலோசனைக்காவது குடிவரவு வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள்.