மச்சினன் இருக்கட்டும், குடோனைப் பாருங்கள்

கேள்வி: மூன்று பார்ட்னர்கள் உள்ள ஆடிட் ஃபர்ம் எங்களுடையது. மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் லிஸ்டட் கம்பெனி (பங்குச்சந்தையில் பட்டியலானது) ஒன்று எங்களை ஸ்டாச்சுட்டரி ஆடிட்டராக, அதாவது சட்டப்படியான தணிக்கையாளராக, வரச் சொல்கிறது. என் மனைவியிடம் அதன் பங்குகள் 3,000 இருக்கின்றன (முகமதிப்பு 10 ரூபாய், சந்தை விலை 240). மச்சினன்தான் அங்கே சிஎஃப்ஓ (தலைமை நிதி அதிகாரி). இந்த இரண்டும்தான் உறுத்தல். மற்றபடி, அதன் துணை நிறுவனமான தவிட்டெண்ணெய் ஆலைக்கு எங்கள் ஆபீசில் டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறோம். ஒரு பார்ட்னரின் குடோனில் கம்பெனி நெல் அடுக்கியிருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: இப்போதைக்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'மற்றபடி' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

பங்குகளை முதலில் முடித்துவிடுவோம். உறவினர் வைத்திருக்கும் பங்குக்கு முகமதிப்பில் 1 லட்சம் வரை அனுமதி. உங்கள் மனைவியுடையது 30,000தான், சந்தையில் 7.2 லட்சம் பெறும் என்பது கணக்கில் வராது. ஆனால் உங்கள் பெயரிலோ மற்ற பார்ட்னர்கள் பெயரிலோ ஒரே ஒரு பங்கு இருந்தாலும் தகுதி போய்விடும். அந்த டீமேட் கணக்கில் நீங்களும் கூட்டாக இருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

மச்சினன் விஷயம் வேடிக்கையானது. கல்யாணப் பந்தலில் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர்கள், அவ்வளவுதான். சட்டம் விட்டாலும் நம் சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐயின் நெறிமுறை விடாது. அவர் தயாரிக்கும் கணக்கை நீங்கள் சோதிப்பதில் நெருக்கத்தால் வரும் ஆபத்து இருக்கிறது. வேறு பார்ட்னர் கையெழுத்திடட்டும். நீங்கள் அந்த டீமிலேயே இருக்கக் கூடாது. உறவைக் கம்பெனி இயக்குநர்களின் ஆடிட் கமிட்டிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்போது டேலி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 144வது பிரிவு ஆடிட்டர் கணக்கு எழுதுவதைத் தடுக்கிறது. துணை நிறுவனத்துக்கு எழுதினாலும் தடைதான். காரணம் எளிது: தவிட்டெண்ணெய் ஆலையின் இறுதிச் சரக்கு மதிப்பு தாய்க் கம்பெனியின் ஒருங்கிணைந்த கணக்கில் போய்ச் சேரும். நீங்கள் போட்ட என்ட்ரியை நீங்களே சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். வேலையை ஜூனியர் பெயரில் எழுதிவிட்டு அதே மேஜை, அதே கம்ப்யூட்டரில் தொடர்வது நம் பக்கத்துப் பழைய வித்தை. பிரிவில் 'மறைமுகமாக' என்ற வார்த்தையே இருக்கிறது. லிஸ்டட் கம்பெனி என்பதால் ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் என்எஃப்ஆர்ஏவும் ஃபைலைக் கேட்கலாம். மார்ச் 31க்குள் டேட்டாவை ஒப்படையுங்கள். ஏப்ரல் 1 முதல் அவர்கள் ஆளே எழுதட்டும். அதன்பின் வரும் ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) பதவி ஏற்றால், நீங்கள் தணிக்கை செய்யும் ஆண்டில் உங்கள் கை பட்ட என்ட்ரி இருக்காது.

குடோன்தான் இன்னும் மோசம். ஆடிட்டருக்கும் கம்பெனிக்கும் வியாபாரத் தொடர்பு கூடாது. கம்பெனி நடத்தும் ஆஸ்பத்திரி, ஹோட்டலுக்கு எல்லோரையும் போல வாடிக்கையாளராகப் போனால் விலக்கு உண்டு. வாடகைக்கு விடுவது அதில் சேராது. வாங்கிய அட்வான்சையும் பாருங்கள். வாடகை 60,000 என்றால் நம் வழக்கப்படி பத்து மாதத்துக்கு 6 லட்சம் கையில் இருக்கும். அது கம்பெனிக்குத் திருப்ப வேண்டிய பணம். பார்ட்னர் பட்டிருக்கும் கடன் 5 லட்சத்தைத் தாண்டினாலே தகுதியிழப்பு என்பதால், அந்தக் கேள்வியும் எழும். குடோனைப் பார்ட்னரின் மனைவி பெயருக்கு மாற்றுவதெல்லாம் வேலைக்கு ஆகாது.

தை, மாசியில் சம்பா நெல் வந்து இறங்கியபிறகு காலி செய்யச் சொன்னால் கம்பெனி இழுத்தடிக்கும். அறுவடைக்கு முன்பே நோட்டீஸ் கொடுங்கள். காலி செய்த கடிதம், அட்வான்ஸ் வங்கி வழியாகத் திரும்பியதற்கான ஸ்டேட்மென்ட், டேலி ஒப்படைப்புக் கடிதம் மூன்றும் ஃபைலில் ஏறட்டும். உங்கள் ஃபர்மின் வேலைத் தரத்தைச் சக ஆடிட்டர் சோதித்துத் தரப்படும் பியர் ரிவ்யூ சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள். அது இல்லாமல் லிஸ்டட் கம்பெனி ஆடிட் கிடையாது. சம்மதக் கடிதத்தோடு 141வது பிரிவின்படி தகுதி உண்டு என்று நீங்களே சான்று தர வேண்டும். அந்தத் தேதிக்குள் நெல் மூட்டை ஒன்று குடோனில் மிச்சமிருந்தாலும், இந்த ஆண்டு முடியாது என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.