விற்றமின் சேலைன் ஏற்றக் கொழும்புக்குப் போகலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியை, வயது 36. ஆறு மாதமாக ஒரே களைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எழும்பவே மனமில்லை. தலைமுடியும் கொட்டுகிறது, அதற்கு பயோட்டின் 10 மில்லிகிராம் குளிசை எடுக்கிறேன். ஆவணியில் தங்கச்சியின் கல்யாணம். கொழும்பிலிருக்கிற மச்சாள் விற்றமின் ட்ரிப் ஏற்றிய பிறகு முகம் தெளிந்து உசாராகி விட்டாவாம். ஐந்து தடவை ஏற்றவேண்டும், நிறம் வெளுக்க குளுட்டாதயோனும் சேர்க்கலாம் என்கிறா. சலரோகத்துக்கு மெட்ஃபோர்மின் பாவிக்கும் அம்மாவும் கூட வருகிறாவாம். நம்பிக்கையான கிளினிக்கை எப்படித் தெரிவு செய்வது?

பதில்: கிளினிக்கைத் தேடுவதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்ணுக்குக் களைப்பும் முடி கொட்டுவதும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு, அடுத்தது தைரொயிட். வழமையான விற்றமின் ட்ரிப் இந்த இரண்டில் எதற்கும் மருந்தல்ல. அதில் இருப்பது பெரும்பாலும் விற்றமின் சி, பி வகைகள், மக்னீசியம், சில இடங்களில் கல்சியம். ஊசி மூலம் ஏற்றும் இரும்பு வேறு மருந்து. அது தேவைப்படுகிறவர்களுக்கு வைத்தியசாலையில் கண்காணிப்போடு கொடுக்கப்படுவது.

ஆகவே எஃப்பிசி (முழு இரத்தக் கணக்கு), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைரொயிட்), வெறுவயிற்றுச் சீனி, கிரியேட்டினின் (சிறுநீரகம்) ஆகியவற்றைச் செய்யுங்கள். எஃப்பிசி போன்றவற்றை உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலை மூலமே செய்துகொள்ளலாம், மற்றவற்றுக்கு மட்டக்களப்பு நகரத்து ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 12க்கு மேலே இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், களைப்புக்கும் முடிக்கும் அதுவே காரணமாகலாம். ஒரு முக்கியமான விடயம்: பயோட்டின் குளிசையை இரத்தம் கொடுக்க மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அந்த அளவு பயோட்டின் டிஎஸ்எச் முடிவைப் பிழையாகக் காட்டும். இல்லாத தைரொயிட் வருத்தத்துக்கு மருந்து தொடங்கிய கதைகளும் உண்டு.

இரும்பு குறைவென்று வந்தால் குளிசை போதும். தேநீரோடோ பாலோடோ எடுக்காதீர்கள், ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு 'குளிசை வேலை செய்யவில்லை' என்பவர்களே அதிகம். மாதவிடாய் கூடுதலாகப் போகிறதா என்றும் பாருங்கள், ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு நிரப்பினாலும் பயனில்லை.

மச்சாளுக்கு உசார் வந்தது எப்படி என்று கேட்பீர்கள். 500 மில்லிலீற்றர் சேலைன் ஏறினால் தண்ணீர் குறைவாகக் குடித்திருந்த எவருக்கும் சில மணித்தியாலம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மணித்தியாலம் போனைப் பார்க்காமல் சாய்ந்திருந்த சுகமும் சேரும். ஆனால் அந்தப் போத்தலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவாக எடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷரோ இதய, சிறுநீரக வருத்தமோ உள்ளவருக்கு இது சின்ன விடயமில்லை. விற்றமின் சியைப் பொறுத்தவரை பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 75 மில்லிகிராம், ஒரு கொய்யா அதைத் தாண்டும். கிராம் கணக்கில் ஏற்றினால் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது, கொஞ்சம் ஒக்சலேற்றாக மாறி சிறுநீரகக் கல்லாகப் படியலாம். ஜீ-6-பீடி நொதிக் குறைபாடு உள்ளவருக்குப் பெருமளவு விற்றமின் சி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தப் பரிசோதனை செய்யாமல் பத்து கிராம், இருபது கிராம் என்று ஏற்றும் இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

குளுட்டாதயோன் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை: வேண்டாம். தோல் வெளுக்க ஊசியாகப் போடுவதைப் பற்றி பிலிப்பைன்ஸ் உணவு, மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. தைரொயிட், சிறுநீரகப் பாதிப்பு, தோல் உரிந்து வரும் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய் என்பவை அந்த எச்சரிக்கையில் உள்ளன. கல்யாணத்துக்கு முந்திய மாதம் எடுக்கிற அபாயமா இது?

இவ்வளவுக்குப் பிறகும் போவதென்றால், சோபாவையும் ஏசியையும் விட்டுவிட்டுப் பார்க்கவேண்டியவை வேறு. இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிந்ததா, இந்த வருடத்துச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா பாருங்கள். பதிவு வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. வைத்தியரின் பெயரைக் கேட்டு இலங்கை மருத்துவ சபையின் பதிவில் நீங்களே தேடிப் பாருங்கள். பெயர்ப்பலகையில் ஒரு வைத்தியர் இருந்து, அவர் அந்த நேரத்தில் கட்டடத்திலேயே இல்லையென்றால் அது கணக்கில் சேராது. ஊசிக்கு முன் அவர் உங்களிடம் மருந்து, ஒவ்வாமை, கர்ப்பம், சிறுநீரகம் பற்றிக் கேட்டு பிரஷர் பார்க்க வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பாத கிளினிக் உங்களையும் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவைக்கும் முற்பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

பிறகு கலக்கிற கையைப் பாருங்கள். உண்மையான ஆபத்து அங்கேதான். உங்கள் கண்முன்னே சீல் உடைக்க வேண்டும், காலையில் கலந்து வைத்த பை ஆகாது. மருந்துக் குப்பியின் இறப்பர் மூடியை மதுசாரத்தால் துடைத்துக் காயவிட வேண்டும், ஈரத்தோடு குத்துவது துடைக்காததற்குச் சமம். ஒரே சேலைன் போத்தலிலிருந்து பலருக்கு உறிஞ்சி எடுக்கும் பழக்கம் உள்ள இடத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். குப்பியைக் கையில் வாங்கி காலாவதித் திகதியையும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு உண்டா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவந்த, எழுத்துப் புரியாத குப்பி என்றால் அத்தோடு போதும். சேலைன் பையில் உங்கள் பெயர், என்னென்ன எவ்வளவு, கலந்த நேரம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஏறும் வேகமும் முக்கியம். 20 துளிக்கு 1 மில்லிலீற்றர் வரும் வழமையான சேலைன் குழாய்ச் செட்டில் 250 மில்லிலீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஏற்ற நிமிடத்துக்கு ஏறக்குறைய 83 துளி. வேகமாகத் திறந்துவிட்டால் மக்னீசியம் உடம்பெல்லாம் சூடேற்றி பிரஷரை இறக்கும். பொற்றாசியம் சேர்த்திருந்தால் இதயத் துடிப்பையே குழப்பும், அழகுக்கான ட்ரிப்பில் அதற்கு இடமே இல்லை. ஊசி இரத்தக் குழாயை விட்டு வெளியே போய்க் கை வீங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கல்சியம் கலந்திருந்தால் தசை அழுகக்கூடும். பி-1 ஊசிக்குக்கூட அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். ஆகவே அட்ரினலின், ஒட்சிசன், கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் அம்பு பை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். தேடிப்பார்த்துச் சொல்கிறோம் என்பது பதிலல்ல.

அம்மாவைக் கூட்டிப் போகவேண்டாம். விற்றமின் சி பெருமளவில் ஏறிய பிறகு சில குளுக்கோமீற்றர்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருந்தையோ இன்சுலினையோ கூட்டினால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். அவவுக்கு உண்மையில் தேவைப்படக்கூடியது பி-12 பரிசோதனை, நீண்ட காலம் மெட்ஃபோர்மின் எடுத்தால் அது குறைவது வழமை. கால் எரிவு, விறைப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். குறைவென்றால் சதையில் போடும் ஊசியோ 1000 மைக்ரோகிராம் குளிசையோ போதும்.

இன்னொன்று, மட்டக்களப்புக்காரர் என்பதால் சொல்கிறேன். ஏற்றிய அன்றே இரவு பஸ் பிடிக்காதீர்கள். கிருமி கலந்த திரவம் ஏறியிருந்தால் சில மணித்தியாலத்துக்குள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வரும், அந்த நேரம் நீங்கள் ஹபரணைக் காட்டுக்குள் இருக்கக்கூடாது. முடிந்ததும் அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள், அன்றிரவு மச்சாள் வீட்டில் தங்குங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், நடுக்கம் வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பையில் ஒட்டிய லேபிளையும் ஒவ்வொரு குப்பியையும் ஏற்றும் முன்பே போனில் படமெடுத்து வைத்திருங்கள், வாட்டில் வைத்தியர் முதலில் கேட்கப்போவது என்ன ஏற்றினார்கள் என்பதைத்தான்.