காலநிலை மாற்றத்துக்கு நாங்களும் குற்றவாளிகளா?

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் குடும்பம் எங்களுடையது. 2024 நவம்பர் வெள்ளத்தில் பெரும்போகப் பயிர் முழுவதும் அழுகிப் போயிற்று. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. இலண்டனில் இருக்கும் என் அண்ணா அம்மன் சடங்குக்கு வந்திருந்தபோது, நாங்கள் வைக்கோலை எரிப்பதையும் விறகில் சமைப்பதையும் கண்டு, "இப்படிச் செய்தால் வெள்ளம் வராமல் என்ன செய்யும்? எல்லோரும்தான் பொறுப்பு" என்று பிள்ளைகளுக்கு முன்னால் கண்டித்தார். அதைக் கேட்ட என் மகள், பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு "நாம் அனைவரும் சமமான குற்றவாளிகள்" என்று எழுதி வைத்திருக்கிறாள். கஷ்டத்தில் கைகொடுத்த அண்ணாவை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அவர் சொன்னதை மனம் ஏற்கவும் இல்லை. நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மகளின் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் "சமமான" என்ற சொல் கணக்குக்கே ஒத்துவராது. ஒக்ஸ்பாம் நிறுவனமும் ஸ்டொக்ஹோம் சுற்றாடல் நிறுவகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1990 முதல் 2015 வரை உலகம் வெளியிட்ட காபன் ஈரொட்சைட்டில் 52 வீதம், வருமானத்தில் மேலே உள்ள பத்து வீதத்தினரின் நுகர்வினால் உண்டானது; அதிலும் உச்சியில் இருக்கும் ஒரு வீதத்தினரின் பங்கு மட்டும் 15 வீதம். உலகின் ஏழைப் பாதியினர் அனைவரும் சேர்ந்து வெளியிட்டது 7 வீதமே. இலங்கையில் எரிபொருளினால் உண்டாகும் வெளியீட்டை ஆட்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் ஒருவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் வரும். அமெரிக்காவில் அது சுமார் 14 தொன். தனியார் ஜெட் விமானம் ஒன்று ஒரு மணித்தியாலம் பறந்தால் இரண்டு தொன் வரை வெளியேறலாம். அதாவது, சராசரி இலங்கையர் ஒருவரின் இரண்டு வருடக் கணக்கைக் கொழும்பிலிருந்து மாலைதீவு போய்ச் சேர்வதற்குள் ஒரு விமானம் முடித்துவிடும். படுவான்கரையில் குத்தகை வயல் செய்யும் ஒருவர் அந்தச் சராசரியையும் எட்டமாட்டார்.

இதை உங்கள் மகளுக்கு விளக்க இலக்கங்களைவிட உங்கள் வயல்வெளியான வட்டையே போதும். வாய்க்கால் துப்புரவு செய்யும் காலம் வந்தால், வட்டையின் நீர், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் வட்டைவிதானை யாருக்கு எவ்வளவு வேலை ஒதுக்குவார்? வயலின் பரப்பைப் பார்த்துத்தான் ஒதுக்குவார். இருபது ஏக்கர் வைத்திருக்கும் பெரிய காணிக்காரரான போடியாரும் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரரும் ஒரே நீளத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று எவராவது சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அதேவேளை, இரண்டு ஏக்கர்காரர் தம் பங்கை வெட்டாமல் வீட்டில் இருந்துவிடவும் முடியாது. 1992இல் ரியோவில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் காலநிலைச் சமவாயம் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்று எழுதி வைத்திருப்பதும் இதே நியாயத்தைத்தான்.

அடுத்து, எரிப்பது எல்லாம் ஒன்றல்ல. அனில் அகர்வால், சுனிதா நாராயண் என்ற இரு இந்தியச் சுற்றாடல் ஆய்வாளர்கள் 1991இலேயே, உயிர்வாழ்வதற்காக வெளியாகும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று வாதிட்டார்கள். நீர் நிற்கும் நெல்வயலிலிருந்து மெதேன் வெளியாவது உண்மை. அந்த வயலிலிருந்துதான் சோறும் வருகிறது. விறகு அடுப்பைப் பற்றி அண்ணா கவலைப்படுவதானால் உங்கள் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படட்டும். அந்தப் புகையை முதலில் உள்ளே இழுப்பவர் நீங்கள். புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பு ஒன்று கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவர் மறுக்கமாட்டார்.

வைக்கோல் விடயத்தில் மட்டும் அவர் சொல்வது சரி, ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. உங்கள் வைக்கோல் புகையினால் 2024இல் வெள்ளம் வரவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வெள்ளம் நமக்குப் பழையது. 1957இல் வந்ததை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், தாழமுக்கம் வரும்போது கொட்டும் மழை முன்னையதைவிடக் கனமாகிறது என்பதே இன்றைய கதை. ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. அதை எரித்தால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது, பொட்டாசியத்திலும் ஒரு பகுதி வீணாகிறது; எரிப்பவர் தம் வயலின் பசளையையே எரிக்கிறார்.

அப்படியிருந்தும் ஏன் எரிக்கிறோம் என்று உங்கள் அண்ணா கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்தில் ஒரே குவியலாகக் கிடந்தது, மாட்டுக்கும் போயிற்று. இப்போது அறுவடை இயந்திரம் அதை வயல் முழுவதும் வரிவரியாகப் போட்டுவிட்டுப் போகிறது; கூட்டி அள்ளக் கூலி வேண்டும், மக்க விடக் காலம் வேண்டும், வாடகை உழவு இயந்திரமோ கிடைக்கும் நாளில்தான் வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்த போகம் அந்தக் காணி தமக்குக் கிடைக்குமா என்றே தெரியாத குத்தகைக்காரர், இன்னொருவரின் மண்ணுக்கு எதற்காகப் பசளை சேர்த்துவைப்பார்? குத்தகை மூன்று, நான்கு வருடங்களுக்கு நிச்சயம் என்றால் புகை தானாகவே குறையும் என்பது என் துணிபு. அந்தத் தீக்குச்சியில் காணிச் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனி அண்ணாவைப் பற்றி. மேலே சொன்ன பத்து வீதத்தினருக்குள் சேர, 2015 நிலவரப்படி வருடத்துக்கு ஏறத்தாழ 38,000 டொலர் வருமானம் போதும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. இலண்டனில் பஸ் ஓட்டுபவரும் கடையை முகாமை செய்பவரும் அந்தக் கோட்டுக்கு அண்மையில்தான் நிற்கிறார்கள். சடங்குக்கு வந்து திரும்பிய அவரது விமானப் பயணத்தில் அவருடைய பங்கு ஒரு தொன்னுக்கு மேல். ஓர் இலங்கையரின் ஒரு வருடம் அதிலேயே முடிந்துவிடுகிறது. இதை அவருக்குச் சொல்லிக்காட்டுங்கள் என்று நான் கூறவில்லை. தாயைப் பார்க்கவும் அம்மனைக் கும்பிடவும் வந்தவரை, வாரக்கடைசி உல்லாசத்துக்குத் தனி விமானத்தில் பறப்பவருடன் சேர்த்துவைப்பது அவர் உங்களுக்குச் செய்த அதே தவறாகிவிடும்.

ஆனால் அவரிடம் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. அவர் வாழும் நாடு நிலக்கரியில் முதலில் செழித்த நாடு. ஏழை நாடுகளின் இழப்பு, சேதங்களுக்கான நிதியம் ஒன்றை அமைக்க 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் இணக்கம் கிடைத்தது. மறு வருடம் டுபாயில் பல நாடுகள் சேர்ந்து தருவதாக உறுதியளித்த தொகை சுமார் 700 மில்லியன் டொலர், அதில் அமெரிக்காவின் பங்கு 17.5 மில்லியன். மட்டக்களப்பு வயல்களின் அழிவுக்கு ஈடு கேட்கும் குரல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரின் காதில் விழ வேண்டுமானால், உங்கள் அண்ணாவுக்கு அங்கே வாக்கு இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

மகள் மறுபக்கத்துக்குச் சாய்ந்து, "எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது" என்று எழுதிவிடவும் வேண்டாம். சராசரி ஒரு தொன் என்பது நம் நாட்டு வசதிபடைத்தவர்களையும் மறைத்துவிடுகிறது. அம்பாறைக் கரையோரத்தின் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றதற்கு முதற்காரணம் கடல்மட்ட உயர்வு அல்ல; 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் மணல் ஓட்டத்தை மறித்ததே. 2021இல் நம் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது அதைப் பசுமைக் கொள்கை என்று ஆட்சியாளர்கள் உலக மேடைகளில் பேசினார்கள், விளைச்சல் விழுந்த நட்டத்தைச் சிறு கமக்காரர்கள் சுமந்தார்கள். சுற்றாடலின் பெயரால் எதைக் கேட்டாலும், செலவு யார் தலையில் விழுகிறது என்று மகள் கேட்கப் பழகட்டும். அவளுடைய பேச்சுக்கு அந்த ஒரு கேள்வியே போதுமான பொருள்.

அண்ணாவிடம் தொலைபேசியில் ஆறுதலாகப் பேசுங்கள். "வைக்கோல் விடயம் சரி, அடுத்த போகம் எரிக்காமல் பார்க்கிறோம், ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் எங்களைக் குற்றவாளி ஆக்கியது மனதை நோகடித்துவிட்டது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நன்றிக் கடனுக்காக உண்மையை விழுங்க வேண்டியதில்லை. கைகொடுக்கும் அண்ணா இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டாலும் ஒரு வாரம்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பயிர் அழிந்தபோது நட்டஈடு கிடைத்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்கை பண்ணுபவரின் பெயர் பதிவில் இல்லாதபோது, இழப்பு குத்தகைக்காரருக்கும் ஈடு காணிக்காரருக்கும் என்று ஆகிவிடுவது நம் பக்கத்தில் புதிதல்ல. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னரே உங்கள் கணவர் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, இந்தப் போகத்தில் அந்த இரண்டு ஏக்கரையும் செய்பவர் தாமே என்பது பதிவாகியிருக்கிறதா, பயிர்க் காப்புறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். காணிக்காரர் முகம் சுளித்தால், கமக்காரர் அமைப்பின் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.