அலுவலகக் கேள்வி-பதில்: பத்து மணி மீட்டிங் பதினொன்றுக்கு முடிகிறது

கேள்வி: டீம் லீடராகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. என்னோடு சேர்த்து 9 பேர். தினமும் காலை 10 மணிக்கு ‘ஸ்டாண்ட்-அப்’, அதாவது அன்றைய வேலை பற்றிய குட்டி மீட்டிங். பேருக்குத்தான் 15 நிமிஷம். முடிய 11 ஆகிவிடுகிறது. நிறுத்திவிடலாமா என்றால், ‘யார் என்ன செய்யறாங்கன்னு அப்புறம் எப்படித் தெரியும்?’ என்கிறார் மேனேஜர்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மேனேஜர் கேட்பது நியாயம்தான். ஆனால், அதைத் தெரிந்துகொள்ள 9 பேரை உட்கார வைக்க வேண்டியதில்லை. அவரிடம் வாரக் கணக்காகச் சொல்லிப் பாருங்கள்: தினம் 9 மணி நேரம், வாரத்துக்கு 45. ஒரு முழு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, வாரம் பூரா பேசிக்கொண்டிரு என்று சொல்வதற்குச் சமம்.

நாளைக் காலை ஒன்றைக் கவனியுங்கள். பேசுகிறவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்? உங்கள் முகத்தை என்றால், மற்ற 7 பேருக்கும் அங்கே ஜோலியே இல்லை. தன் முறை வரும்வரை மனசுக்குள் ஒத்திகை, முடிந்ததும் மேஜைக்கு அடியில் போன். சாஃப்ட்வேர் டீம்கள் பின்பற்றும் ‘ஸ்க்ரம்’ என்ற வேலை முறையில் இந்தக் கூட்டத்துக்கு 15 நிமிஷம்தான் உச்சவரம்பு. அதுவும் வேலை செய்கிறவர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் பேசி ஒழுங்கு செய்துகொள்வதற்கு. லீடரிடம் பாடம் ஒப்பிப்பதற்கு அல்ல.

ஒன்பதே முக்காலுக்குள் ஆளுக்கு மூன்று வரி குரூப்பில் போடச் சொல்லுங்கள்: நேற்று முடித்தது, இன்று எடுப்பது, எங்கே மாட்டிக்கொண்டது. ‘போய்க்கிட்டிருக்கு’ என்று வந்தால் விடாதீர்கள். ‘90 சதவீதம் முடிஞ்சுது’ என்பதும் அதே ரகம்தான். பாக்கி 10 சதவீதம் மாசக்கணக்கில் அப்படியே நிற்கும். ‘என்ன பாக்கி?’ என்று கேளுங்கள். ‘பில் அச்சாகிறது, வரித்தொகை மட்டும் தப்பாக வருகிறது, அக்கவுண்ட்ஸில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை’ என்று வந்தால் அது தகவல். அக்கவுண்ட்ஸுக்குப் போன் போடுவது உங்கள் வேலை.

10 மணிக்குக் கூடும்போது, மாட்டிக்கொண்டவர்கள் விஷயத்தை மட்டும் பேசுங்கள். பேச்சு இரண்டு பேருக்குள் சுழல ஆரம்பித்தால், ‘நீங்க ரெண்டு பேரும் தனியா உட்கார்ந்து முடிச்சிடுங்க’ என்று அனுப்பிவிடுங்கள். யாருக்கும் சிக்கல் இல்லையா, அன்று கூட்டமே கிடையாது. மேனேஜரையும் அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டால் அவருக்கு உங்களிடம் கேட்க வேண்டிய தேவையே இருக்காது. சிலர் முணுமுணுப்பார்கள். மீட்டிங்கையே வேலையாக வைத்திருப்பவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு.

கேள்வி: பெரிய விஷயம் சட்டென்று நிறைவேறிவிடுகிறது, அற்ப விஷயத்துக்கு மணிக்கணக்காக அடித்துக்கொள்கிறோம். எங்கள் ஆபீசில் மட்டும்தானா?

பதில்: இல்லை. இதைக் கிண்டலடித்து 1957-லேயே எழுதிவிட்டார் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர். அவர் சித்திரித்த கமிட்டி அணு உலைக்கு இரண்டரை நிமிஷத்தில் ஒப்புதல் தருகிறது. சைக்கிள் கொட்டகைக்கு 45 நிமிஷம் வாதாடுகிறது. உலை புரியாதவன் வாயைத் திறக்க மாட்டான், கொட்டகைக்குக் கூரை என்ன போடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். கொட்டகை மாதிரி விஷயங்களைக் கூட்டத்துக்கே கொண்டுவராதீர்கள். ஒருவர் பெயரைச் சொல்லி, ‘நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று விட்டுவிடுங்கள். பெரிய விஷயத்தை இரண்டு பக்கமாக எழுதி, கூட்டத்தின் முதல் 10 நிமிஷம் எல்லோரும் அங்கேயே படிக்கட்டும். முன்கூட்டியே அனுப்பினால் படித்துவிட்டு வருவார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ‘யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?’ என்றால் என் டீமில் மயான அமைதி. வெளியே வந்ததும் வராந்தாவில் பொரிந்து தள்ளுகிறார்கள்.

பதில்: உங்கள் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தானே இதைக் கேட்கிறீர்கள்? அதற்குப் பிறகு யார் மறுப்பார்? வயதில் சின்னவரிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கேளுங்கள், நீங்கள் கடைசியில் பேசுங்கள். வராந்தாவில் பேசியவரைக் கூப்பிட்டு, ‘உள்ளே ஏன் சொல்லலை?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வராந்தாவிலும் பேச்சு நின்றுவிடும்.